வலி மாத்திரையும் குடலிறக்கமும்

சங்கத்தின் ஐந்தொகையில் பங்கு மூலதனம், கையிருப்பு, தளவாடம், வரவேண்டிய பாக்கி ஆகிய எல்லாவற்றிற்கும் இடம் உண்டு. அங்கத்தினரின் உடலுக்கு மட்டும் அதில் இடமில்லை. ஆயினும் தறியில் அமரும் நெசவாளிக்கும் வயலில் இறங்கும் விவசாயிக்கும் உடலே முதல் மூலதனம் என்பதை நம்மில் அறியாதார் இல்லை. அம்மூலதனத்தில் பழுது காணும்போது, பாவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நாள் கடத்துவதும், அதுவரை வலி தெரியாதிருக்க ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலையைத் தொடர்வதும் உழைப்பாளரின் வழக்கமாக இருந்து வருகின்றன.

பல வலிகளில் இவ்வழக்கத்தால் பெருங்கேடு விளைவதில்லை. குடலிறக்கம் என்னும் ஹெர்னியா நோய் உடையவருக்கோ இது ஆபத்தானது. விழுங்கும் மாத்திரை அபின் இனத்தைச் சேர்ந்ததாயின் ஆபத்து இன்னும் மிகுகிறது. இம்மருந்துகளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு என்ன, அதில் நிச்சயமாக நிலைநாட்டப்பட்டது எவ்வளவு, நாம் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குடலிறக்கம் என்பது யாது?

வயிற்றின் முன்புறச் சுவர் தசைகளாலும் உறுதியான சவ்வுகளாலும் ஆனது. அச்சுவரில் இயற்கையாகவே பலம் குறைந்த இடங்கள் சில உண்டு. அடிவயிறும் தொடையும் கூடும் தொடையிடுக்கும், தொப்புளும் அத்தகையவை. முன்பு ஆபரேஷன் செய்து தைத்த தழும்பும் அத்தகையதே. துணியில் இழை நைந்த இடத்தின் வழியே மூட்டைக்குள் இருக்கும் சரக்குப் பிதுங்குவதுபோல, இவ்விடங்களின் வழியே உள்ளிருக்கும் கொழுப்போ குடலின் ஒரு பகுதியோ வெளியே தள்ளிக்கொண்டு வருவதே குடலிறக்கம். விரையில் நீர் கோத்து வீங்கும் ஓதம் இதனின்றும் வேறானது. இரண்டையும் ஒன்றாக எண்ணி இருந்துவிடுவோர் பலர்.

ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 27 பேருக்கும், பெண்களில் 100க்கு 3 பேருக்கும், வாழ்நாளில் ஒருமுறையேனும் தொடையிடுக்குக் குடலிறக்கம் உண்டாகும் என்று வைத்திய நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். இதற்காக ஆண்டுதோறும் உலகெங்கும் நடைபெறும் ஆபரேஷன்கள் 2 கோடிக்கு மேற்பட்டவை. ஆகவே இது அரிதான நோயன்று. வெட்கப்பட்டு மறைக்கத்தக்க நோயுமன்று.

தொடக்கத்தில் இருமும்போதும், பாரம் தூக்கும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும் ஒரு புடைப்புத் தோன்றும். படுத்தால் அது தானே உள்ளே சென்றுவிடும். இந்நிலையில் தொந்தரவு சொற்பமே. பிதுங்கிய குடல் உள்ளே செல்லாமல் வெளியிலேயே சிக்கிக்கொண்டால் நிலைமை மாறுகிறது. துவாரத்தின் விளிம்பு அக்குடலை நெரித்து இரத்த ஓட்டத்தைத் தடுக்குமாயின், சில மணி நேரத்திற்குள் அப்பகுதி அழுகத் தொடங்கும். அப்போது உடனடியாக ஆபரேஷன் செய்வது ஒன்றே உயிர்காக்கும் வழியாகும்.

இவ்விபத்து எல்லோருக்கும் நேர்வதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொந்தரவு அதிகமில்லாத தொடையிடுக்குக் குடலிறக்கம் உடைய 720 ஆண்களைக் கொண்டு வட அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2006இல் வெளியாயிற்று. உடனே ஆபரேஷன் செய்துகொள்ளாமல் வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்களில், 1,000 பேரை ஓராண்டு கவனித்தால் 2 பேருக்கும் குறைவாகவே குடல் திடீரெனச் சிக்கிக்கொள்ளும் என்ற கணக்கு அதில் கிடைத்தது. ஆயினும் வலி மிகுந்த காரணத்தால், 10 ஆண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டனர் என்பது பிறகு தெரிய வந்தது. பெண்களுக்கு அதிகமாக வரும் தொடைக் குடலிறக்கத்திற்கு இக்கணக்குப் பொருந்தாது. அதில் நெரிபடும் அபாயம் மிகவும் அதிகம். ஆதலின் காலம் தாழ்த்தாது ஆபரேஷன் செய்துகொள்ளுமாறு வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர்.

அபின் இன மருந்துகள்

கசகசாச் செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகிறது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டுமே இதனைப் பயிரிடுகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி தேசத்து மருந்து தயாரிப்பாளரான செர்ட்யூர்னர் என்பவர் அபினிலிருந்து அதன் முக்கியச் சத்தைப் பிரித்தெடுத்தார். கனவுகளுக்குரிய கிரேக்க தேவனின் பெயரையொட்டி அச்சத்து மார்பின் எனப் பெயர் பெற்றது.

மார்பின், கோடீன் ஆகியவை அபினிலேயே உள்ளவை. டிரமடால், டேபென்டடால், ஃபென்டனில் ஆகியவை ரசாயன முறையில் தயாரிக்கப்படுபவை. எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. நமது ஊர்களில் அதிகமாகப் புழங்குவது டிரமடால். 37.5 மில்லிகிராம் டிரமடாலுடன் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த மாத்திரையை, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் ஆபரேஷன் வலிக்கும் வைத்தியர்கள் எழுதித் தருவதுண்டு. உண்பவர் அதனைச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையின் சற்று வலுவான வகை என்றே எண்ணுகிறார். அதில் அபின் இன மருந்து கலந்திருப்பதை அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படித்தாலன்றி அறிய இயலாது.

இம்மருந்துகளை அடியோடு பழிப்பது நமது நோக்கமன்று. புற்றுநோயின் கொடிய வேதனையில் துடிப்பவருக்கு மார்பின் பெருந்துணையாகும். அத்தகையவருக்கு அது எளிதில் கிட்டவேண்டும் என்றே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. அதே சமயம், தவறான உபயோகம் பெருகியதால் டிரமடாலும் 2018இல் அச்சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. வைத்தியரின் சீட்டு இன்றி அதனை விற்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை.

குடலில் நிகழ்வது

வலியுணர்வை மட்டுப்படுத்த மூளையிலும் தண்டுவடத்திலும் எந்தப் பற்றிடங்களில் இம்மருந்துகள் சென்று பற்றுகின்றனவோ, அதே வகைப் பற்றிடங்கள் குடலின் நரம்புகளிலும் நிறைய உண்டு. அங்கே அவை பற்றும்போது குடல் உணவை முன்னே தள்ளும் அசைவு தளர்கிறது. குடலில் நீர் சுரப்பதும் குறைகிறது. மலம் நெடுநேரம் உள்ளே தங்கி, நீர் வற்றி, கெட்டிப்படுகிறது. ஆசனவாய்த் தசையும் எளிதில் இளகிக் கொடுப்பதில்லை.

இதற்கு அங்கத்தினர்கள் நன்கறிந்த உதாரணம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கை நிறுத்துவதற்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் லோபரமைடு என்னும் மருந்து அபின் இனத்தைச் சேர்ந்ததே. உரிய அளவில் உண்டால் அது மூளைக்குள் புகுவதில்லை. ஆகவே வலியைத் தணிப்பதுமில்லை, மயக்கம் தருவதுமில்லை. குடலின் அசைவை மட்டும் தடுத்து நிறுத்துகிறது. வயிற்றுப்போக்கு இருப்பவருக்கு நன்மையான அதே செயல், வலிக்காக இவ்வின மருந்தை உண்பவருக்கு மலச்சிக்கலாக முடிகிறது.

இங்கு நினைவில் கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இம்மருந்துகள் தரும் மயக்கமும் குமட்டலும் சில நாட்களில் உடலுக்குப் பழகிக் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகிக் குறைவதில்லை. மருந்தை உண்ணும் நாள்வரையில் அது தொடர்ந்திருக்கும்.

முதல் தொடர்பு: முக்குதல்

மலம் கழிக்க முக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் வெகுவாக ஏறுகிறது. பலம் குறைந்த இடத்தில் ஏற்கெனவே திறப்பு உள்ளவருக்கு, ஒவ்வொரு முறை முக்கும்போதும் புடைப்பு வெளியே தள்ளப்படுகிறது. வலி அதிகமாகிறது. வலி அதிகமானதும் மேலும் ஒரு மாத்திரையை நாடுகிறார். அம்மாத்திரையினால் மலச்சிக்கல் இன்னும் கடுமையாகிறது. இவ்வாறு நோயும் மருந்தும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. சிலருக்கு இம்மருந்துகள் வாந்தியையும் உண்டாக்குகின்றன. வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சிறுநீர் கழிப்பதும் சிரமமாகலாம். இவை இரண்டுமே வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றுபவை.

இங்கே வரம்பு கடந்து பேசலாகாது. அபின் இன மாத்திரை உண்பதால் புதிதாகக் குடலிறக்கம் உண்டாகும் என்பது ஆராய்ச்சியில் நிலைநாட்டப்படவில்லை. மலச்சிக்கல் மட்டுமே இந்நோயை உண்டாக்கும் என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2018இல் வெளியான சர்வதேச வைத்திய வழிகாட்டி, ஆணாகப் பிறத்தல், வயது, குடும்பத்தில் பிறருக்கு இந்நோய் இருத்தல், உடலின் இணைப்புத் திசு பலவீனமாயிருத்தல், ஒரு பக்கம் ஏற்கெனவே இந்நோய் வந்திருத்தல் ஆகியவற்றையே பிரதானமாகக் கூறுகிறது. ஆகவே மாத்திரை உண்ட காரணத்தினால் மட்டுமே தமக்கு இந்நோய் வந்தது என்று எவரும் கொள்ள வேண்டுவதில்லை. ஏற்கெனவே நோய் உடையவருக்கும், ஆபரேஷன் முடிந்து காயம் ஆறிவருபவருக்கும் முக்குவது ஏற்றதன்று என்ற அளவில் நாம் கொண்டால் போதும்.

இரண்டாம் தொடர்பு: அபாய அறிவிப்பு அடங்கிப்போதல்

முதல் தொடர்பைக் காட்டிலும் இது முக்கியமானது. குடல் நெரிபடுவதை நமக்கு முதலில் அறிவிப்பது வலியே. சாதாரணமாக உள்ளே செல்லும் புடைப்பு அன்று செல்லாது, கெட்டியாகும், தொட்டால் தாங்க முடியாத வலி எடுக்கும். வேறெந்த வலியானாலும் பொறுத்திருந்து பார்க்கலாம். இதனைப் பொறுத்திருந்து பார்க்கலாகாது.

ஒருவரை உதாரணமாக மனத்தில் கொள்வோம். ஐம்பது வயதுடைய நெசவாளி. பல ஆண்டுகளாகத் தொடையிடுக்கில் புடைப்பு. ஒருநாள் மாலை பாவு உருளையைத் தூக்கித் தறியில் ஏற்றுகிறார். அன்றிரவு புடைப்பு உள்ளே செல்லவில்லை, வலி கடுமையாகிறது. சென்ற ஆண்டு மனைவியின் ஆபரேஷனுக்குப் பின் மீந்திருந்த மாத்திரைகள் அலமாரியில் இருக்கின்றன. இரண்டை விழுங்குகிறார். அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் வலி சற்று அடங்குகிறது, கண் அயர்கிறார். நெரிபட்ட குடல் நெரிபட்டவாறே இருக்கிறது. விடியற்காலையில் வயிறு உப்பி வாந்தி எடுக்கும்போது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் எண்ணுகின்றனர். இரவிலேயே சென்றிருந்தால் குடலை உள்ளே தள்ளித் துவாரத்தை மூடுவதோடு முடிந்திருக்கக்கூடிய ஆபரேஷன், மறுநாள் பிற்பகல் அழுகிய குடலை வெட்டி நீக்கும் பெரிய ஆபரேஷனாக மாறுகிறது. உயிருக்கும் ஆபத்து உண்டு.

இந்த உதாரணத்தில் மற்றொரு சிக்கலும் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். குமட்டல், வாந்தி, வயிறு உப்புதல், மலம் போகாமை ஆகியவை அபின் இன மருந்துகளின் பக்க விளைவுகள். குடல் அடைபட்டதன் அறிகுறிகளும் அவையே. ஆகவே உண்மையான ஆபத்தை மருந்தின் விளைவு என்று தவறாக எண்ணிவிடுவது மிகவும் எளிது. புடைப்புள்ள ஒருவர் இம்மருந்தை உண்ணுங்காலத்தில் இவ்வறிகுறிகள் தோன்றினால், வைத்தியர் பார்த்துத் தெளிவு சொல்லும் வரையில் குடல் அடைப்பு என்றே கருத வேண்டும்.

வைத்திய உலகின் பழைய விவாதம்

வயிற்று வலிக்குக் காரணம் தெரியுமுன் மார்பின் கொடுக்கலாமா என்ற கேள்வி வைத்தியர்களிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. இங்கிலாந்து தேசத்து சர்ஜனான ஸாக்கரி கோப், திடீர் வயிற்று நோய்களைக் கண்டறிவது பற்றி 1921இல் வெளியிட்ட நூல் பல தலைமுறை வைத்திய மாணவர்களுக்குப் பாடமாயிருந்தது. வலியை மருந்தால் அடக்கிவிட்டால் நோய்க்குறி மறைந்து, நோயாளி தேறிவிட்டதாக அவரும் பிறரும் தவறாக எண்ணிவிடுவர் என்ற எச்சரிக்கை அதில் வலியுறுத்தப்பட்டது. அதனையொட்டி, ஆஸ்பத்திரிகளிலும்கூட நோயாளிகள் பல மணி நேரம் வேதனையோடு காத்திருக்க நேர்ந்தது.

பிற்காலத்தில் இக்கருத்து முறையான பரிசோதனைகளால் சீர்தூக்கிப் பார்க்கப்பட்டது. அப்பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை 2007இலும், திருத்திய வடிவில் 2011இலும் வெளியாயிற்று. ஆஸ்பத்திரியில் வைத்தியரின் கண்காணிப்பில் அபின் இன மருந்து கொடுப்பதால், நோயைத் தவறாகக் கண்டறிவது அதிகமாகவில்லை என்பதே அதன் முடிவு. இக்காலத்தில் அங்கே வலிக்கு மருந்து மறுக்கப்படுவதில்லை; மறுக்கவும் கூடாது.

இதிலிருந்து நாம் அறியத்தக்க பாடம் தெளிவானது. ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கைவைத்துப் பரிசோதிக்க வைத்தியர் உண்டு. வயிற்றை உள்ளபடி காட்டும் ஸ்கேன் உண்டு. மணிக்கு மணி கவனிக்கத் தாதியர் உண்டு. வலி அடங்கினாலும் கண்காணிப்பு அடங்குவதில்லை. வீட்டிலோ வலி ஒன்றே கண்காணிப்பாளர். அதனையும் மாத்திரையால் அடக்கிவிட்டால், குடல் நெரிபடுவதை அறிவிக்க வேறெவரும் இல்லை. ஒரே மருந்து ஓரிடத்தில் துணையாகவும் மற்றோரிடத்தில் பகையாகவும் ஆவது இக்காரணத்தினாலேயே.

ஆபரேஷனுக்குப் பின்

குடலிறக்கத்திற்கு மருந்தினால் நிவாரணமில்லை. ஆபரேஷன் ஒன்றே நிரந்தரப் பரிகாரம். இத்தாலி தேசத்து சர்ஜன் பாசினி 1880களில் வகுத்த தையல் முறையே நெடுங்காலம் உலகெங்கும் கையாளப்பட்டது. தற்காலத்தில் பலவீனமான இடத்தைப் பாலிப்ரொப்பிலீன் இழையாலான வலை கொண்டு தாங்கும் முறையே பெரும்பாலும் வழக்கில் உள்ளது. தொடையிடுக்குக் குடலிறக்கத்தை, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தும் ஆபரேஷன் செய்ய முடியும்.

ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலி மிகுந்து, பின் படிப்படியாகக் குறையும். இவ்வலிக்கு எவ்வளவு அபின் இன மருந்து தேவை? அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வைத்தியர்கள், தொடையிடுக்குக் குடலிறக்கம் உள்ளிட்ட 5 வகை ஆபரேஷன்களுக்கு உட்பட்ட 642 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை 2017இல் வெளியிட்டனர். எழுதிக் கொடுக்கப்பட்ட அபின் இன மாத்திரைகளில் 100க்கு 28 மட்டுமே உண்ணப்பட்டிருந்தன. மற்றவை வீட்டு அலமாரிகளில் தங்கிவிட்டன.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆராய்ச்சி இன்னும் கவலை தருவது. அதற்குமுன் இவ்வின மருந்தை உண்ணாதிருந்து ஆபரேஷன் செய்துகொண்ட 36,000க்கு மேற்பட்டோரின் விவரங்களை அது ஆராய்ந்தது. வயிற்றுத் தழும்பில் உண்டாகும் குடலிறக்கத்திற்கான ஆபரேஷனும் அதில் சேர்ந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதங்களுக்குப் பிறகும் இம்மருந்தைத் தொடர்ந்து வாங்கியவர்கள் 100க்கு ஏறத்தாழ 6 பேர். ஆபரேஷன் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்விகிதம் பெரிதும் மாறவில்லை. ஆகவே அவர்கள் மருந்தைத் தொடர்ந்ததற்குக் காயத்தின் வலி மட்டுமே காரணமென்று கொள்ள இயலாது. அமெரிக்காவில் இம்மருந்துகளால் விளைந்த பெருந்துன்பத்தை உலகம் அறியும். ஆபரேஷன் வலிக்கென்று வீட்டுக்குள் வந்த மாத்திரையும் அங்கே பலருக்கு அதன் வாயிலாயிற்று.

அங்கத்தினர்கள் கைக்கொள்ளத்தக்கவை

1. புடைப்பு எதனைக் கண்டாலும் ஒருமுறை வைத்தியரிடம் காட்டி, அது குடலிறக்கமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் தொடையிடுக்கில் காணும் சிறு கட்டியையும் அலட்சியம் செய்யலாகாது.

2. புடைப்பு உள்ளே செல்லாமல் கெட்டியாகி வலித்தாலும், அதன்மேல் தோல் சிவந்தோ கறுத்தோ காணப்பட்டாலும், வாந்தியுடன் வயிறு உப்பி மலமும் காற்றும் வெளியேறாமல் நின்றாலும், உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். வாகனம் இல்லையெனில் 108ஐ அழைக்கலாம். புடைப்பைப் பலவந்தமாக அழுத்தலாகாது, எண்ணெய் நீவலாகாது, பேதி மருந்து கொடுக்கலாகாது, மயக்க மருந்துக்கு இடைஞ்சலாகும் ஆதலின் உணவும் கொடுக்கலாகாது. போகுமுன் ஏதேனும் மாத்திரை உண்டிருந்தால் அதன் பெயரையும் நேரத்தையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

3. எந்த வலிக்காக எந்த வைத்தியரிடம் சென்றாலும், தமக்குக் குடலிறக்கம் இருப்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். எழுதித் தரும் மாத்திரையில் டிரமடால், டேபென்டடால், கோடீன் ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

4. ஆபரேஷனுக்குப் பின், வைத்தியரின் அனுமதியோடு பாராசிட்டமாலையும், வயிற்றுப்புண்ணோ சிறுநீரக நோயோ இல்லாதவராயின் ஐபுப்ரோஃபென் போன்ற மருந்தையும் முதல் சில நாட்கள் வேளை தவறாமல் உண்டால் பெரும்பாலோருக்குப் போதுமானது. கலப்பு மாத்திரையில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருப்பதால், அதனுடன் தனியாகவும் உண்டு அளவு மீறிவிடாமல் கவனிக்க வேண்டும்.

5. அபின் இன மருந்து அவசியமானால் மிகக் குறைந்த நாட்களுக்கு மட்டும் உண்ண வேண்டும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டுமென்று வைத்தியரிடம் கேட்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் நம் விவசாயிகள் பயிரிடும் நிலவாகை, உலக வியாபாரத்தில் டின்னவெல்லி சென்னா என்று பெயர் பெற்றது. இம்மருந்துகளால் வரும் மலச்சிக்கலுக்கு மேல்நாட்டு வைத்தியர்களும் சென்னாவையே பெரிதும் எழுதித் தருகின்றனர். இசப்கோல் உமி இவ்வகை மலச்சிக்கலுக்கு ஏற்றதன்று. அசைவற்ற குடலில் அது திரண்டு அடைப்பை அதிகமாக்கக்கூடும். நீரும் கீரையும் பழமும், இயன்ற அளவு நடையும் துணை செய்யும்.

6. இம்மருந்து உண்ணும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. சுவாசம் அடங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம்.

7. மீந்த மாத்திரைகளை வைத்துக்கொள்வதும், அண்டை வீட்டாருக்குக் கொடுத்து உதவுவதும் கூடாது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

8. ஏற்கெனவே பல வாரங்களாக இம்மருந்தை உண்டு வருபவர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிட வேண்டாம். உடல் பழகிவிட்ட மருந்தைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். அதற்கு வைத்தியரின் யோசனை தேவை.

சங்கம் செய்யத்தக்கது

மேலே கூறியவை தனி மனிதர் செய்ய வேண்டியவை. ஆனால் நெசவாளி வலியோடு தறியில் அமர்வதும், விவசாயி புடைப்போடு உர மூட்டை தூக்குவதும் அறியாமையால் மட்டும் அன்று. ஒரு வாரம் கூலி இழந்தால் அடுப்பு எரியாது என்ற அச்சமே பலரை மாத்திரையின்பால் தள்ளுகிறது. இவ்வச்சத்தைத் தனி மனிதர் தனியே நீக்கிக்கொள்ள இயலாது. பலர் கூடினால் இயலும். கூட்டுறவு என்பதன் பொருளும் அதுதானே?

ஆபரேஷன் செய்துகொண்டவரின் பாவு உருளையை ஏற்றிக் கொடுக்கவும், மூட்டைகளை இறக்கிக் கொடுக்கவும் அருகிலுள்ள அங்கத்தினர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். அவரிடமிருந்து வரவேண்டிய துணிக்குச் சங்கம் தவணை நீட்டிக்கலாம். சர்ஜன் குறித்த நாள்வரையில் பாரமற்ற வேலையை அவருக்கு ஒதுக்கலாம். மாதக் கூட்டத்திற்கு ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை அழைத்து அரை மணி நேரம் பேசச் செய்யலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

பழுதுபட்ட தறியை யாரும் சத்தம் கேளாதிருக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓட்டுவதில்லை. நிறுத்திப் பழுதைப் பார்க்கிறோம். நம் உடலுக்கும் அந்த நியாயத்தைச் செய்ய வேண்டும். தம்மிடமோ தம் குடும்பத்தாரிடமோ புடைப்பு இருப்பதை அறிந்தும் நாள் கடத்திவரும் அங்கத்தினர்கள், அடுத்த பாவு ஏற்றுமுன், அடுத்த உழவு தொடங்குமுன், ஒருமுறை வைத்தியரிடம் சென்று வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.